கற்றது போதும் என்னாத சாரதிகள்

தேர்ச்சிச் சீட்டுக் கைக்கு வந்ததும் கல்வி முற்றுப்பெற்றதென எண்ணுதல் மக்கள் இயல்பு. இவ்வெண்ணம் ஏட்டுக் கல்வியிற் புகின் கற்றவனுக்கே கேடு. மோட்டார் வண்டி செலுத்துவோனிடம் புகின் வழிச்செல்வோர் உயிர்க்கும் கேடு. இவ்வுண்மையை உணர்ந்து பிரிட்டனின் ஊர்கள் பலவற்றில் இயங்கிவரும் உயர்நிலைச் சாரதியர் குழுக்களைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

1903ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டில் ஐந்து ஷில்லிங் செலுத்தினோர்க்கு லைசென்சு கிடைத்தது. திறமையை எவரும் சோதித்திலர். 1934இல் சாலை விபத்துக்களால் மாண்டோர் 7,343 பேர். அவருள் ஏறக்குறையப் பாதியர் கால்நடையாய்ச் சென்றோர். அடுத்த ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து புதிய சாரதியர்க்குப் பரீட்சை கட்டாயமாயிற்று. அப்பத்தாண்டிலேயே இலண்டன் போலீசார் ஹெண்டனில் சாரதிப் பள்ளி நடத்தினர். பந்தய வண்டி செலுத்திப் பழகிய காட்டன்ஹாம் பிரபு, அபாயத்தை அணுகுமுன் வண்டியின் இடம், விரைவு, கியர் ஆகியவற்றை முறையே ஒழுங்குசெய்யும் நெறியை அங்கு வகுக்கத் துணைநின்றார். அந்நெறியை விளக்கும் 'ரோட்கிராப்ட்' என்னும் நூல் 1955இற் பொதுமக்கட்கும் கிடைத்தது. மறு ஆண்டு 'இன்ஸ்டிடியூட் ஆப் அட்வான்ஸ்டு மோட்டாரிஸ்ட்ஸ்' தோன்றிற்று. 2016 முதல் அதன் பெயர் 'ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட்'.

அதனைச் சார்ந்த ஊர்க்குழுக்களின் தொண்டே நாம் சிந்திக்கத்தக்கது. ஊதியம் பெறாத நோக்குநர் ஒருவர், கற்க வந்தவரின் சொந்த வண்டியில் அவரருகே அமர்ந்து, அவர் செலுத்துமாற்றை உற்றுநோக்கிக் குறைகளை இன்சொல்லால் எடுத்துரைக்கின்றார். காண்பதையும் கருதுவதையும் வாய்விட்டுக் கூறிக்கொண்டே செலுத்துதலும் ஒரு பயிற்சி. "முன்னே பஸ் நிற்கின்றது, அதன் மறைவிலிருந்து ஒரு குழந்தை ஓடிவரக்கூடும், விரைவைக் குறைக்கின்றேன்" என ஒருவர் சொல்லப் பழகுவாராயின், கண்ணுக்குப் புலனாகாத அக்குழந்தைக்கும் அவர் உள்ளத்தில் இடமுண்டாகின்றதன்றோ? தெளிவாய்த் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய விரைவிலேயே செல்லவேண்டும் என்பது அவர்கள் விடாது கற்பிக்கும் விதி. பயிற்சியின் முடிவில் போலீஸ் முறையிற் பயின்ற பரீட்சகர் சோதிப்பர்.

இக்குழுக்களுக்கு வருவோர் முன்னரே கவனமுடையோர். வரவேண்டியவரோ வாரார் எனச் சிலர் குறை கூறுவர். இஃது உண்மையே. ஆதலின் இவை சட்டத்தின் வேலையைச் செய்துவிடும் என யான் வாதியேன். ஆயினும் கவனமுடையாரிடத்தும் பிழையுண்டு. பழகப் பழக அது தமக்கே தோன்றாது மறைந்துவிடும். பிறர் கண்ணே அதனைக் காட்டவல்லது. இனி, தேர்ச்சிப் பட்டயம் செருக்கை விளைக்கும் என்பாரும் உளர். செருக்குற்றோன் அப்பட்டயத்தின் பொருளை அறிந்திலன் என்பதே அவர்க்கு விடை. தான் திருத்தப்படுதற்கு உடன்பட்டவன் என்பதற்கன்றோ அஃது அடையாளம்!

பிரிட்டனிற் பதினேழு வயதில் மோட்டார் கார் செலுத்தலாம். நம் வயதினர்க்கு விரைவில் விருப்பம் மிகுதி. கண்டித்துரைப்பார் மீது வெறுப்பும் மிகுதி. மாணவ நண்பர்களே, ஒருவனது திறமைக்கு அரசாங்கம் அளிக்கும் சான்று, அவன் தொடங்கத் தகுதியுடையான் என்பதையே காட்டும். அதன்பின்னும் தன் அருகே ஒருவரை விரும்பி இருத்தி, "என் குறையைக் கூறுக" எனக் கேட்பவனே பிறர் உயிரை நம்பி ஒப்படைக்கத்தக்க சாரதி என்பது என் துணிபு.