செவிலி தேடாத சிறுவன்

அகப்பாடல்களில் உடன்போக்கைப் பயின்றோர்க்கு, அமெரிக்க இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் 2012இல் அளித்த ‘மூன்ரைஸ் கிங்டம்’ என்னும் திரைப்படம் முற்றிலும் அயலானதாகத் தோன்றாது. காலம் 1965ஆம் ஆண்டு. களம் நியூ பென்சான்ஸ் என்னும் கற்பனைத் தீவு. சாம், சூசி என்னும் பன்னிரண்டு வயதினர் இருவர், மடல் எழுதித் திட்டமிட்டுக் காட்டுவழி புறப்பட்டு விடுகின்றனர். அவன் சாரணர் முகாமின் கூடாரத்தைத் துளைத்து வெளியேறுகிறான். அவளோ பூனைக்குட்டி, தொலைநோக்கி, தம்பியின் இசைத்தட்டுப் பெட்டி, நூலகத்திற்குத் திருப்பித் தராத கதைநூல்கள் ஆகிய அனைத்தையும் சுமந்து வருகிறாள். சுரம் கடந்த தலைவி இத்துணைச் சுமையோடு நடந்ததாக எப்புலவரும் பாடவில்லை!

இதனைக் குறும்பு நிறைந்த காதற்கதை என்று பலர் கொண்டாடினர். குறும்பு உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் படத்தின் உயிர் அப்பிள்ளைகளின் காதலில் இல்லை. அவர்களைத் தேடுவோரிடத்தும் தேட மறுப்போரிடத்துமே உள்ளது.

சாம் பெற்றோரை இழந்தவன். அவனைக் காணவில்லை என்று தொலைபேசியில் அறிவிக்கும்போது, இனி அவனைத் தம் இல்லத்தில் ஏற்பதற்கில்லை என்று வளர்ப்புத் தந்தை அமைதியாகக் கூறிவிடுகிறார். நம் இலக்கியத்துச் செவிலியும் பெற்றவள் அல்லள், வளர்த்தவளே. நற்றாய் மனையிலிருந்து புலம்ப, பாலை வழியிற் புறப்படுபவள் அவள்தான். வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டில் நடந்து நடந்து ஓய்ந்து நிற்பவளும் அவளே. கலித்தொகையில் முக்கோல் ஏந்திய அந்தணர், தலைவி சென்றது அறமே எனத் தேற்றிச் செவிலியைத் திருப்பியனுப்புகின்றனர். அங்குத் தலைவி மணப்பருவத்தாள். அவ்வாறு கூற இயன்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைத் தேடிச் செல்வோரை அங்ஙனம் திருப்பியனுப்ப எவரால் இயலும்?

சூசிக்குப் பெற்றோர் உளர், இருவரும் வழக்கறிஞர். ‘மிகவும் தொல்லை தரும் குழந்தையை’ எதிர்கொள்வது எப்படி என்னும் சிறுநூலொன்றைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல் கண்டெடுத்த சிறுமி அவள். கதைநூல்களில் வரும் அநாதைகளைப் போலத் தானும் இருந்திருக்கலாகாதா என்று அவள் ஏங்க, அன்போடே சாம் அதனை மறுத்துவிடுகிறான். இப்படத்தின் மிகச் சிறந்த இடம் அதுவே என்பது என் கருத்து. சாரணர் முகாமில் அவ்விருவருக்கும் நிகழும் போலித் திருமணமோ எனக்கு உடன்பாடன்று. வேடிக்கை அங்கே எல்லை கடந்துவிடுகிறது.

சிறுவனைக் காப்பகத்திற்கு இட்டுச்செல்ல ஓர் அதிகாரி வருகிறார். ‘சமூக நலத்துறை’ என்பதே கதையில் அவருக்குப் பெயர். மனிதப் பெயர் ஒன்றும் இல்லை. மின்னதிர்ச்சி மருத்துவமும் பேச்சில் அடிபடுகிறது. பெரும்புயலினிடையே, தேவாலயக் கோபுரத்தில் ஏறிய பிள்ளைகளைப் பின்தொடர்ந்து தானும் ஏறுபவர் தனியராய் வாழும் காவல் அதிகாரி ஷார்ப். அவனைத் தாமே வளர்ப்பதாக ஏற்பவரும் அவர்தான்.

இறுதிக் காட்சியில் சூசியின் வீட்டில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த சாம், உணவுவேளை வந்ததும் சன்னல்வழியே இறங்குகிறான். கீழே அவனுக்காகக் காவல் வண்டியில் ஷார்ப் காத்திருக்கிறார்.