அச்சேறும் மின்சுற்று

அச்சு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழுவது நூலின் உருவமே. 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறு நூலையும், 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சியந்திரத்தையும் நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் அதே கலையின் வயிற்றிற் பிறந்த பிள்ளையொன்று நம் வீடுகளிலெல்லாம் வாழ்கின்றது. அதனை நாம் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. வானொலியையோ, தொலைபேசியையோ, மின்விளக்கின் அடிப்பாகத்தையோ திறந்தால் உள்ளே ஒரு தகடு தென்படும். பெரும்பாலும் பச்சை நிறத்தது. அதன்மேற் செப்புக் கோடுகள் ஓடும். அதுவே அச்சுச் சுற்றுப் பலகை. அதனைத் தாமே வரையவும், வரைந்ததைச் செய்வித்துப் பெறவும் மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் பயிலும் நம் மாணவர் கற்றல் வேண்டும் என்பதே இங்கு நாம் வற்புறுத்தும் கருத்து.

இப்பலகையை ‘அச்சு’ என்று கூறுவது வெறும் உவமையன்று. போல் ஐஸ்லர் 1907 இல் வியன்னாவிற் பிறந்தவர், பொறியியல் கற்றவர், பத்திரிகை அச்சகமொன்றிற் பணியாற்றியவர். யூதராகையால் தாய்நாட்டில் வாழ்வு கடினமாகவே, 1936 இல் இங்கிலாந்து சென்றார். அக்காலத்தில் வானொலியின் உறுப்புகளைக் கம்பிகளால் ஒவ்வொன்றாகக் கையாற் பிணைத்தனர். பத்திரிகைப் பக்கத்தை அச்சிடுவது போலக் கம்பிப் பாதைகளையும் அச்சிடலாகாதா என்று அவர் எண்ணினார். இலண்டனில் அவருக்குக் கைகொடுத்தது ஒரு கல்லச்சு நிறுவனம். 1943 இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று நம் வரைபடத்தை ஆலைக்கு உணர்த்தும் பொதுமொழிக்குக் ‘கேர்பர்’ என்று பெயர். அப்பெயருக்குரிய யோசப் கேர்பரும் வியன்னாவில் 1924 இற் பிறந்து, 1940 இல் அகதியாக அமெரிக்கா சேர்ந்தவரே. ஊரிழந்த இருவரின் அறிவு உலகத்துக்கெல்லாம் கருவியாயிற்று. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களையும், படகேறி இராமேசுவரம் சென்ற தமிழ்க் குடும்பங்களையும் கண்ட இக்கரைக்கு இச்செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பலகையை வீட்டிலேயே ஆக்கும் முறை ஒன்றுண்டு. செப்புத்தாள் ஒட்டிய பலகையில் வேண்டிய கோடுகளை எண்ணெய் வர்ணத்தால் மூடிப் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலில் இட்டால், மூடப்படாத செம்பு கரைந்துபோகும். கோடுகள் மட்டும் எஞ்சும். அச்செம்பின் கனம் வழக்கமாக 35 மைக்கிரோமீற்றர். ஆசிரியரின் மேற்பார்வையில் ஒருமுறையேனும் மாணவர் இதனைச் செய்து பார்ப்பது நன்று. கோடு எப்படிக் கம்பியாகின்றது என்பது அப்பொழுதே உள்ளத்திற் பதியும். ஆனால் இதனை வழக்கமாக்குதல் மன்னாருக்கு ஆகாது. செம்பு கலந்த அக்கரைசல் நஞ்சு. மணற்பாங்கான இத்தீவிலே, உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீரையே கிணறுகள் தருகின்றன. கொல்லையில் ஊற்றிய கழிவு அங்கே போய்ச் சேர அதிக நாள் செல்லாது.

இன்று வேறு வழி திறந்திருக்கின்றது. கிறெனோபிள் நகரத்துப் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் 1992 இல் தொடக்கிய ‘கைகாட்’ என்னும் மென்பொருள், பின்னர் ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையமாகிய சேர்னின் துணையும் பெற்று வளர்ந்தது. அதனைக் காசின்றிப் பெறலாம். முதலிற் சுற்றின் வரைபடத்தை வரைதல். பின் ஒவ்வோர் உறுப்புக்கும் பலகையில் இடம் வகுத்தல். பின் ஒன்றையொன்று தொடாதவாறு செப்புப் பாதைகளை இழுத்தல். ஈற்றிற் படலத்துக்கு ஒரு கோப்பாக வெளியிடுதல். இவ்வளவே வேலை. அக்கோப்புகளைச் சீனத்துச் செஞ்சென் நகரத்து ஆலைகளுக்கு அனுப்பினால், பத்துச் சென்றிமீற்றர் சதுரமான ஐந்து பலகைகளை ஓரிரு டொலருக்கே செய்து தருவார்கள். அஞ்சற் கூலிதான் அதனிற் பன்மடங்கு.

அனுப்புமுன் செய்யும் சோதனை ஒன்றுண்டு. பாதைகளுக்கிடையே ஆலை வேண்டும் இடைவெளி, 0.15 மில்லிமீற்றர் என்றால் அவ்வளவேனும், உண்டா? இணைய வேண்டிய இரு முனைகள் இணையாது நிற்கின்றனவா? மென்பொருள் இவற்றைக் காட்டும். ஆனால் உறுப்பொன்றின் கால்களை இடம்வலமாக மாற்றி வரைந்திருந்தால் அது காட்டாது; வரைந்தவரின் கண்ணே காணவேண்டும். அச்சுத்தாள் திருத்தும் தமிழாசிரியருக்கு இது புதிதன்று. எழுத்துக்கூட்டற் பிழையை எவரும் காண்பர். பொருட்பிழையை நூலை அறிந்தவரே காண்பர். நாவலர் பதிப்புகள் போற்றப்படுவது இவ்விரண்டையும் களைந்தமையால் அன்றோ? கோப்பிலுள்ள பிழை ஐந்து பலகையிலும் ஐந்து முறை அச்சேறும். பொறுமையும் நுண்மையும் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் கிடைப்பது அரிது.

“சீனத்தில் அச்சிட்டுப் பெறுவது எப்படிச் சுயமுயற்சியாகும்?” என்று சிலர் வினவக்கூடும். கவிஞன் தாளைத் தானே காய்ச்சுவதில்லை. அச்செழுத்தைத் தானே வார்ப்பதில்லை. அவனது கவிதை கொழும்பில் அச்சேறினாலும் சென்னையில் அச்சேறினாலும் அவனுடையதே. பலகையிலும் கையெழுத்துப்படி யாருடையது என்பதே வினா. 2020 டிசம்பரில் மன்னாரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘தம்பபவனி’ நிலையத்தில் முப்பது காற்றாலைகள் 103.5 மெகாவாற்று மின்திறனோடு நிற்கின்றன. காற்று நம்முடையது, நிலம் நம்முடையது. அவற்றின் மூளையாகிய பலகைகளில் நம்மவர் எழுதிய வரி ஒன்றுமில்லை. நாம் சுழற்சியை அண்ணாந்து பார்ப்பவராகவே இருக்கிறோம்.

காற்றாலைக்கு மூளை வரைய நம் மாணவர் நாளையே புறப்பட வேண்டும் என்பதன்று. கிணற்று நீரின் உவர்ப்பை அதன் மின்கடத்துதிறனால் அளக்கும் சிறு கருவி, கட்டுக்கரைக் குளத்தின் நீர்மட்டத்தைக் குறித்துவைக்கும் கருவி, பேசாலைப் படகுக்கு மின்கலம் தீருமுன் எச்சரிக்கும் விளக்கு: இவை எல்லாம் உள்ளங்கையளவு பலகையில் அடங்குவன. இவற்றை வெளிநாட்டு நிறுவனம் நமக்காக வரையாது. வரைந்தாலும் நம் கடற்காற்றை எண்ணி வரையாது. உப்புக்காற்றுப் பட்ட செம்பிற் களிம்பேறும் என்பதைச் சைவ நூல் பயின்றோர் ஆணவ மலத்துக்கு உவமையாகவே அறிவர். பச்சைப் பூச்சு மூடாத செம்புக்கு வெள்ளீயமோ பொன்னோ பூசச் சொல்லுதல், உறுப்புகளைப் பற்றாசு பிடித்தபின் மேலே வாணிசு தடவுதல் ஆகிய காப்புகள் இங்கு இன்றியமையாதன. அவற்றைக் கருதி வரைவதற்கு இக்காற்றிலே வாழ்பவனே தகுந்தவன்.

தடைகளை மறைத்தல் தகாது. 2022 இல் டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்கு மேற்சென்றதை நாம் மறக்கவில்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை, சுங்கவரி வேறு. தனியொரு மாணவனுக்கு இவை மலை. பத்து மாணவர் சேர்ந்தால் மேடு. பத்துப் பேரின் சிறு சுற்றுகளை ஒரே பலகையில் அருகருகே வரைந்து, ஒரே கட்டாகத் தருவித்து, வாளால் அறுத்துப் பகிர்ந்துகொள்ளலாம். அஞ்சற் கூலி பத்திலொன்றாகும். க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013 இல் தொடங்கிற்று. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடம் இருக்கின்றது. பாடமும் உண்டு, வழிகாட்டுவோரும் உண்டு. வேண்டியது பாடசாலைதோறும் ஒரு கழகமும், தவணைக்கு ஒரு கட்டளையுமே.

இலக்கிய வட்டத்தாருக்கும் இதிற் பங்குண்டு. பலகையின்மேல் வெள்ளை மையால் உறுப்புகளின் பெயர்களை அச்சிடுவது வழக்கம். கைகாட் மென்பொருளின் 2023 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், கணினியிலுள்ள எழுத்துருக்களையே அங்கே பதிக்கலாம். தடை, கொள்ளளவி என்று தமிழில் எழுதப்பட்ட பலகையைப் பழுதுபார்க்கக் கையிலெடுக்கும் சிறுவன், இக்கலை தன் மொழிக்கும் உரியது என்று உணர்வான். சொற்களைச் செம்மைசெய்து கொடுப்பது தமிழாசிரியர் கடமை.

நூல் அச்சேறியபோது தமிழர் வாசகராக மட்டும் நின்றிருந்தால் நாவலர் தோன்றியிருக்கமாட்டார். மின்சுற்று அச்சேறும் இக்காலத்தில் நாம் வாங்குவோராக மட்டும் நிற்பதா, எழுதுவோராகவும் ஆவதா என்பதை நம் வகுப்பறைகளே தீர்மானிக்கும். அடுத்த தவணைக்குள் மன்னாரின் ஒரு பாடசாலையிலிருந்தேனும் ஒரு பலகையின் கையெழுத்துப்படி கடல் கடந்து செல்லட்டும்.