கும்மட்டத்துக்குப் பாரம்பரியம், தொடப்பத்துக்குக் கான்ட்ராக்ட்

எழும்பூர் ரயில் நிலையத்தைப் புதுசாக்குகிறார்கள். 2022 மே 26ஆம் தேதி பிரதமர் சென்னைக்கு வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். எழும்பூர், மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி என்று அய்ந்து நிலையங்களுக்கு 1,800 கோடி ரூபாய்க்கு மேல். எழும்பூருக்கு மட்டும் 735 கோடி அளவில். பழைய கட்டடம் அப்படியே இருக்குமாம். அதை ஒட்டிப் புதுக் கட்டடங்கள், பல அடுக்கு கார் நிறுத்தம், பிளாட்பாரத்துக்கு மேலே விமான நிலையம் மாதிரி ஒரு காத்திருப்புத் தளம், லிஃப்ட், எஸ்கலேட்டர். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு பெயர்: 'நீடித்த வளர்ச்சி'. சுருக்கமாகப் 'பசுமை நிலையம்'. பத்திரிகைக்காரர்கள் பூரித்துப் போய்ப் படம் போட்டார்கள். பாரம்பரியம் காக்கிற கனவான்களுக்கும் நிம்மதி. சிவப்புச் செவுரும் வெள்ளைக் கும்மட்டமும் பத்திரம்.

நீடிக்கப் போவது எது என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்தப் பாரம்பரியம் யாருடையது என்று பார்ப்போம். எழும்பூர் நிலையம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. கட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. வரைபடம் போட்ட துரை பெயர் ஹென்றி இர்வின். கான்ட்ராக்ட் எடுத்தவர் சாமிநாதப் பிள்ளை. செலவு 17 லட்சம். துரை பெயர் இருக்கிறது, பிள்ளை பெயர் இருக்கிறது, பைசாக் கணக்கும் இருக்கிறது. சுண்ணாம்பு அரைத்தவள், செங்கல் சுமந்தவள், சாரத்திலிருந்து விழுந்தவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? தஞ்சாவூர் பெரிய கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்று சொல்கிற அதே புத்திதான் எழும்பூரைக் கட்டியவர் இர்வின் என்று சொல்கிறது.

அந்தச் செவுர் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1907 ஜூன் 19 அன்று, பக்கத்து ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைக் கொண்டுவந்தார். பூர்வ பவுத்தர்களின் வரலாற்றை ஒரு பைசாவுக்கு எங்களிடமே திருப்பிக் கொடுத்த பத்திரிகை. இந்த நகரத்தின் பாரம்பரியம் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர் வாயில் இர்வின் வருகிறார், சிஷோம் வருகிறார், பண்டிதர் வருவதில்லை. அவருக்குக் கிண்டியில் ஒரு மணிமண்டபம் திறக்க 2023 டிசம்பர் வரைக்கும் ஆயிற்று. கல்லுக்கு இருக்கிற பாரம்பரியம் எழுத்துக்கு இல்லையா, அல்லது எழுதினவன் பறையன் என்பதால் இல்லையா?

ரயில் சாதியை ஒழிக்கும் என்றொரு நம்பிக்கை ரொம்ப நாளாய் இருக்கிறது. தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மார்க்சே 1853ல் அப்படி எழுதினார். ரயில்பாதை நவீனத் தொழிலைக் கொண்டுவரும், அந்தத் தொழில் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைக்கும், சாதி அந்தப் பிரிவினைமேல்தான் நிற்கிறது என்பது அவர் கணக்கு. மூன்று வருஷம் கழித்து 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் வண்டி கிளம்பியது. ஏறக்குறைய 170 வருஷம் ஓடிப்போச்சு. ராயபுரம் ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. சாதியும் நிற்கிறது.

நடந்தது என்ன? ரயில் சாதியைக் கரைக்கவில்லை. சாதி ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொண்டது. தென்னாட்டு ரயில்வே சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று பலகை மாட்டியிருந்தான். பெரியாரும் சுயமரியாதைக்காரர்களும் போராடி 1941ல்தான் அது ஒழிந்தது. அந்தப் பலகையும் பாரம்பரியம்தானே? ஒன்றை எடுத்து மியூசியத்தில் மாட்டுங்களேன், பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.

1901ல் மராட்டியத்து மசூர் ஸ்டேஷனில் நாலு பிள்ளைகள் வண்டியை விட்டு இறங்கி, கூட்டிப் போக யாரும் வராமல் நின்றன. நல்ல உடுப்பு போட்டிருந்ததால் பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்து ஸ்டேஷன் மாஸ்டர் உருகினார். மகார் என்று தெரிந்ததும் முகம் மாறிப் போயிற்று. மாட்டுவண்டிக்காரன் எவனும் ஏற்றவில்லை. கடைசியில் ரெட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. அதில் ஒரு பிள்ளை பீமராவ். பிற்பாடு அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து 1938 பிப்ரவரியில் மன்மாடில் தலித் ரயில்வே தொழிலாளிகள் மாநாட்டில் பேசியது. தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு, பார்ப்பனியமும் முதலாளியமும் என்று அவர் அறிவித்தது அங்கேதான். அந்த வாசகத்தை நாம் நிறையவே மேற்கோள் காட்டிவிட்டோம். அதே பேச்சில் அவர் அடுக்கிக் காட்டிய விவரங்களை மறந்துவிட்டோம். தீண்டப்படாதவனுக்கு ரயில்வேயில் கேங்மேன் வேலை கிடைக்கும், அதற்கு மேலே போகமுடியாது. போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது. ஏன்? ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்கிறார், தீண்டப்படாதவன் வீட்டுக்குள் நுழைந்தால் தீட்டு. ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிற விதி ஸ்டேஷன் மாஸ்டரின் அடுப்பங்கரையில் முடிவானது. கரைந்துவிடும் என்று மார்க்ஸ் சொன்ன பிரிவினையை ரயில்வே கூலிப் பட்டியலாக மாற்றி எழுதிக்கொண்டது என்பதுதான் பாபாசாகேப் கண்டது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். வண்டியில் போகிறவன் கக்கூசுக்குப் போனால் பீ நேராகத் தண்டவாளத்தில் விழும். இப்படித்தான் நூறு வருஷத்துக்கு மேலாக ரயில் ஓடியது. வழியில் விழுந்தது காட்டுக்கு, ஸ்டேஷனில் விழுந்தது நம் ஆட்களின் கைக்கு. மனித மலத்தை மனிதர் அள்ளக்கூடாது என்று 1993ல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013ல் இன்னொரு சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த தேதி 2013 டிசம்பர் 6. பாபாசாகேப் நினைவு நாள். தேதியைப் பார்த்துப் புல்லரித்தவர்கள் சட்டத்தின் விளக்கப் பகுதியைப் படித்துப் பார்க்கட்டும். ரயில் பெட்டியின் கழிப்பறையை, அரசு குறிப்பிடுகிற கருவியும் உறையும் வைத்து ஊழியர் சுத்தம் செய்தால் அது சுகாதாரமற்ற கழிப்பறை ஆகாது. கருவியும் உறையும் கொடுத்துவிட்டால் அள்ளுகிறவரும் மலம் அள்ளுகிறவர் ஆகமாட்டார். அதாவது, கையுறை மாட்டிவிட்டால் சாதி மறைந்துவிடும். நாட்டில் எல்லோருக்கும் ஒரு சட்டம் போட்டு, அதில் ரயில்வேக்கென்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள்.

2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் மலம் அள்ளுவதைக் கால வரம்பு வைத்து ஒழிக்க வேண்டும் என்று ரயில்வேக்குச் சொன்னது. பயோ டாய்லெட் வந்தது, தண்டவாளத்தில் விழுவது பெருமளவு நின்றது. நல்லது, யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரயில்வேக்குள் இந்தக் கவலை எதை வைத்து வந்தது தெரியுமா? 2012ல் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு, பழைய கழிப்பறையை எடுத்துவிடச் சொன்னது. தண்டவாளம் துருப்பிடிக்கிறது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இரும்பு அரித்துப்போகிறது என்று குழு போட்டார்கள். விரல் அரித்துப்போன கிழவிக்கு எந்தக் குழுவும் நூறு வருஷமாகப் போடவில்லை.

பீ விழுவது நின்றால் தொடப்பம் பிடிக்கிற சாதி மாறிவிட்டதா? எந்தப் பெரிய ஸ்டேஷனுக்கும் போய்ப் பாருங்கள். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் எல்லாச் சாதியும் உண்டு. கூட்டுகிற இடத்தில், கழிவுத் தொட்டி அடைத்துக்கொள்கிற இடத்தில் நாம் மட்டும். ஒரே வித்தியாசம், முன்பு சிலருக்காவது ரயில்வே உத்தியோகம், ரயில்வே பென்ஷன், ரயில்வே ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது டெண்டர். 'இயந்திரத் துப்புரவு' என்று டெண்டரில் எழுதியிருக்கும். இயந்திரத்தைத் தள்ளுவது யார்?

நான் வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். ஸ்டேஷனாக இருந்தாலும் ஃபாக்டரியாக இருந்தாலும் துப்புரவு கான்ட்ராக்ட் ஒரே மாதிரிதான் நடக்கிறது, அதைப் பாஸ்புத்தகத்தில் படிக்கலாம். சம்பளம் சட்டப்படி முழுசாக வரவாகியிருக்கும். அன்றைக்கே ஏ.டி.எம்.மில் முழுசும் எடுத்திருக்கும். ஒரு அம்மாவிடம் கேட்டேன், ஏம்மா மொத்தமா எடுத்துட்டீங்க என்று. "கார்டு எங்கிட்ட ஏது சார், மேஸ்திரிகிட்ட இருக்கு. எடுத்துட்டு கையில கொஞ்சம் குடுப்பாரு" என்றார். கணக்கில் சுத்தம், கையில் பாதி. கம்ப்யூட்டரைக் கேட்டால் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாச்சு என்றுதான் சொல்லும். சென்ட்ரலில் 1.5 மெகாவாட் சூரியத் தகடு போட்டாச்சு, பகல் மின்சாரம் முழுக்கச் சூரியனிடமிருந்து என்று 2021ல் பெருமை பேசினார்கள். எத்தனை யூனிட் மிச்சம் என்று கணக்கு வைக்கத் தெரிந்தவனுக்கு, கூட்டுகிறவள் கைக்கு எத்தனை ரூபாய் போனது என்று கணக்கு வைக்க ஏன் தெரியவில்லை?

பசுமையின் அடுத்த முகம் ஆற்றங்கரை. சென்ட்ரல் பக்கத்தில் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. தாழ்த்தப்பட்டோரின் தலைவராய் நின்று அமைச்சரான ஒரு பெண்ணின் பெயரில் அமைந்த சேரி. 2019 டிசம்பரில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நடுவருஷத்தில், கூவத்தைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று குடும்பம் குடும்பமாய்ப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அதற்கு முன்னால் போனவர்களில் ஒரு பகுதியை எங்கள் பக்கத்தில், ஒரகடத்தை ஒட்டிய நாவலூர் அடுக்குமாடியில் கொண்டுவந்து போட்டார்கள். ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவன், பூ விற்றவள், வீட்டு வேலை செய்தவள் எல்லாம் ஸ்டேஷனிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி. ஆறு சுத்தமாகிறதோ இல்லையோ, ஊர் தன் கண்ணுக்கு முன்னால் இருந்த சேரியைச் சுத்தம் பண்ணிக்கொண்டது.

பென்னலூரில் இருந்துகொண்டு எழும்பூரைப் பற்றி ஏன் கத்துகிறாய் என்று கேட்கலாம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், சுங்குவார்சத்திரம் வரைக்கும் காரும் போனும் செய்கிற ஃபாக்டரிகளுக்குத் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் விடிகாலையில் எழும்பூரில்தான் வந்து இறங்குகிறார்கள். பையைத் தலைக்கு வைத்துப் பிளாட்பாரத்தில் படுத்து, பொழுது விடிந்ததும் பஸ் பிடித்து எங்கள் பக்கம் வருகிறார்கள். எங்களுக்கு ரயில் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் பாதை என்று பத்து வருஷத்துக்கும் மேலாகப் பேச்சு ஓடுகிறது, வண்டி ஓடவில்லை. எழும்பூரிலிருந்து 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கு வந்தே பாரத் விட்டார்கள். அதில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பிள்ளைகள் கக்கூஸ் வாசலில் குந்திக்கொண்டு வருகிற வண்டிக்கு ரெண்டு பெட்டி சேர்க்கக் காசில்லை, கார் நிறுத்த அடுக்குமாடி உண்டு. யாருக்காகப் புதுசாக்குகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பாரம்பரியம் பற்றிக் கடைசியாக ஒன்று. 1891ல் எங்கள் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் ட்ரெமன்ஹீர், இந்த மண்ணின் பறையர்கள் நிலமில்லாமல் அடிமையாய்க் கிடப்பதை அறிக்கையாய் எழுதினார். அதன் பின்னால் 1892ல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. அதுவும் வெள்ளைக்காரன் விட்டுப்போனதுதான், எழும்பூர் ஸ்டேஷனைவிடப் பதினாறு வருஷம் மூத்தது. காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்துக்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடுதான் பதில். ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். 1908ஆம் வருஷத்துச் செங்கல்லுக்குக் காட்டுகிற பக்தியில் கால்வாசியை 1892ஆம் வருஷத்துக் காகிதத்துக்குக் காட்டியிருந்தால் அந்த இரண்டு பேரும் இருந்திருப்பார்கள்.

கும்மட்டத்தை இடிக்கச் சொல்லவில்லை. அது எங்கள் ஆத்தாக்கள் சுமந்த செங்கல், எங்களுக்கும் உரிமை உண்டு. நாம் கேட்கவேண்டியது இவைதான். துப்புரவு வேலையில் கான்ட்ராக்டை ஒழித்து எல்லோரையும் ரயில்வே ஊழியராக்கு. அந்த வேலை ஒரே சாதிக்கு என்கிற எழுதாத விதியை உடைக்க, தொழிலாளர் பிள்ளைகளுக்கு மற்ற வேலைகளில் முதலிடம் கொடு. 2013ஆம் வருஷத்துச் சட்டத்தில் ரயில்வேக்குத் திறந்த வாசலை அடை. கூட்டுகிறவர்கள் உட்கார, உடை மாற்ற, சாப்பிட அந்த 735 கோடியில் ஒரு நல்ல இடம் கட்டு. முன்பதிவில்லாத சனங்கள் காசில்லாமல் படுக்க, குளிக்க இடம் விடு. ஸ்டேஷன் பெயரைச் சொல்லி, ஆற்றின் பெயரைச் சொல்லி ஒரு குடிசையைத் தொடாதே. எங்கள் தொழிற்பேட்டைக்கு ரயில் விடு.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்த் தகவல் உரிமைச் சட்டத்தில் துப்புரவு டெண்டர்களைக் கேட்டு வாங்குங்கள். தொழிலாளிகளிடம் உட்கார்ந்து பேசி, கையில் வாங்குகிற கூலியையும் டெண்டர்க் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். அதை இந்தப் பத்திரிகையில் போடுவோம், துண்டறிக்கையாய் அடித்துப் பிளாட்பாரத்தில் கொடுப்போம். வேலை முடிந்ததும் ரிப்பன் வெட்ட வருவார்கள். அதற்கு முன்னால் ராத்திரியெல்லாம் அந்தத் தரையைத் துடைத்துப் பளபளப்பாக்கப் போகிறவள் யாரென்று நமக்குத் தெரியும். ரிப்பன் வெட்டுகிற அன்றைக்கு அவளோடு எழும்பூர் வாசலில் எத்தனை பேர் நிற்கப் போகிறோம் என்பதை இப்போதே பேசி முடிவு செய்வோம்.