ஆண்டு மலர்களும் ஓர் அமானிதமே

வம்சவழியை அறிவது இஸ்லாத்தில் வீண் பெருமைக்கான செயலன்று. இரத்த உறவைச் சேர்ந்து வாழத் தேவையான அளவுக்கேனும் நம் பாரம்பரியத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததைத் திர்மிதி பதிவு செய்துள்ளார். மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டனர் என்று கூறும் இறைவசனம் (49:13), இறையச்சமுடையவரே அல்லாஹ்விடம் கண்ணியமிக்கவர் என்றும் உடனே எச்சரிக்கிறது. தேடலுக்கான அனுமதியும் அதற்கான வரம்பும் ஒரே வசனத்தில் அடங்கியுள்ளன.

ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் இந்த அறிவு பாட்டனாரின் பெயரோடு நின்றுவிடுகிறது. பாட்டிமாரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பத்திரங்களிலும் அட்டைகளிலும் அவர்கள் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்றே இடம்பெற்றனர். அவர்கள் தம் சொந்தப் பெயரால், தம் சொந்தத் திறமைக்காக அச்சில் ஏறிய இடம் பெரும்பாலும் ஒன்றே. அது அவர்கள் படித்த பள்ளியின் ஆண்டு மலர். பரிசு பெற்றோர் பட்டியல், அமர்ந்திருப்போர், நிற்போர் என இடமிருந்து வலமாகப் பெயர் குறித்த குழுப் படம், தமிழிலோ உருதுவிலோ எழுதிய ஒரு பக்கக் கட்டுரை என அம்மலரில் கிடைக்கும் சிறு தடயமே ஒரு குடும்பத்தின் கல்வி வரலாற்றைத் திறந்து காட்டவல்லது.

சென்னையில் இதற்கான களம் சிறிதன்று. இராயப்பேட்டையில் முஸ்லிம் பெண்களுக்கென்றே நிறுவப்பட்டு ஹோபார்ட் சீமாட்டியின் பெயர் தாங்கிய பள்ளி உள்ளது. 1951-இல் தோன்றிய புதுக்கல்லூரியும் அப்பகுதியிலேயே உள்ளது. தியாகராய நகரை அடுத்த தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955-இல் பெண்கள் கல்லூரி எழுந்தது. மயிலாப்பூர், சாந்தோம் பகுதிகளின் பொதுப் பள்ளிகளிலும் நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுள்ளனர். இந்நிறுவனங்களின் பழைய மலர்களைத் தேடாமல் நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுத இயலாது.

தேடுவோர் முதலில் அறிய வேண்டியது, பெயர்கள் மாறும் என்பதாகும். அண்ணா சாலையில் அரசு முகமதியக் கல்லூரி இயங்கிய வளாகத்தில் 1974 முதல் காயிதே மில்லத் பெயரிலான அரசு மகளிர் கல்லூரி நடைபெறுகிறது. பழைய கல்லூரியின் தொடர்ச்சியோ நந்தனம் அரசு கலைக் கல்லூரியில் உள்ளது. இன்றைய பெயரை மட்டும் இட்டுத் தேடினால் பழைய ஏடு அகப்படாது. ஆங்கில அட்டவணைகளில் முகமதியர் என்ற சொல்லும் முஹம்மது என்ற பெயரும் பலவாறு எழுத்துக்கூட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு வடிவத்தையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். நம்மவருக்குக் குடும்பப் பெயர் வழக்கம் குறைவு என்பதால், தந்தையின் முதலெழுத்தும் ஊரும் படித்த ஆண்டும் தெரிந்தாலொழிய ஒரு பெயரை இன்னாருடையது என உறுதி செய்ய முடியாது.

அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் தத்தம் ஊர்ப் பள்ளிகளின் ஆண்டு மலர்களை இணையத்தில் இலவசமாக ஏற்றியுள்ளன. வம்சவழி ஆய்வுத் தளங்கள் அவற்றைக் கட்டணத்திற்கு அளிக்கின்றன. அத்தளங்களில் நம் ஊர்ப் பள்ளியைத் தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். நமக்குரிய வாயில்கள் வேறு. எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நூலகங்களுள் ஒன்று. அடையாறுக்கு அண்மையில் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். எனினும் தனிச் சுற்றுக்கு மட்டும் அச்சிடப்படும் பள்ளி மலர்கள் பல இவற்றை எட்டாமலே போய்விடுகின்றன.

எனவே நம் கருத்து இதுவே: ஆண்டு மலர்களின் உண்மையான நூலகம் நம் வீட்டுப் பரண்தான். அதைத் திறக்க வேண்டியவர்களும் நாமே. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த வீடுகளில் தாள்களாக இருந்தவை என்னவாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் விட்டுவைத்தவற்றை வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். இறந்தவர்களின் துணிமணியைத் தர்மம் செய்யும் நாம், அவர்களின் ஏடுகளைக் குப்பையாக எண்ணுவது முறையா? அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் வாழ்வையும் ஆராய்ந்து எழுதி வைத்த சமுதாயம் நம்முடையது. மூன்றாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் மறைந்த இப்னு சஅத், தம் தபகாத் நூலில் பெண்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். இதே சென்னையில் 1850-இல் எட்வர்ட் பால்ஃபரின் முயற்சியால் முகமதியப் பொது நூலகம் தோன்றியது. ஏடு காப்பது நமக்குப் புதிய கலையன்று.

ஆனால் கிடைத்ததையெல்லாம் பரப்புவது வேறு. அம்மலர்களில் உள்ள பெண் பிள்ளைகளின் படங்கள் அந்தப் பள்ளிக்குள் புழங்குவதற்காக எடுக்கப்பட்டவை. பின்னாளில் பர்தாவைப் பேணிய ஒரு மூதாட்டியின் பள்ளிப் பருவப் படத்தை அவருடைய சம்மதமின்றி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவது அமானித மோசடியேயாகும். உதவித்தொகை பெற்றோர் பட்டியலைக் கொண்டு ஒரு குடும்பத்தின் அன்றைய வறுமையைப் பேசுவதும், துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கும் இறைவசனத்திற்கு (49:12) முரணானது. உயிரோடிருப்பவரிடம் கேட்போம், மறைந்தவராயின் அவர் பிள்ளைகளிடம் கேட்போம்.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கட்டும். எவர் வீட்டில் எந்தப் பள்ளியின் எந்த ஆண்டு மலர் உள்ளது என்பதை மட்டும் அதில் எழுதினால் போதும். மலரை ஸ்கேன் செய்து மூலத்தை உரியவரிடமே திருப்பித் தருவோம். அதன் படியொன்றைப் பள்ளிக்கும், ஏற்கும் நூலகத்திற்கும் அளிப்போம். பெயர்களை வாசித்துக் காட்ட இன்று நம்மிடையே முதியோர் உள்ளனர். படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய கடைசி மனிதரும் மறைந்தபின், எந்த நூலகமும் அதற்கு விடை தராது.

பெயர் தெரிந்தால் துஆவில் நினைக்கலாம். உறவு தெரிந்தால் தேடிச் சென்று ஸலாம் உரைக்கலாம். அறுந்த உறவுகளைச் சேர்ப்போரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.