எல்கைப் பந்தயத்துக்கு எழுத ஆள் இல்லையா?

அமெரிக்காவில் கள்ளச்சாராயம் கடத்தியவனுக்குக்கூட வரலாறு எழுதிவிட்டார்கள். நம்மூர் மாட்டுவண்டி சாரதிக்குக் கிடைப்பதோ மறுநாள் பேப்பரில் நாலு வரி. அதிலும் பெரும்பாலும் மாட்டுக்காரர் பேர்தான் இருக்கும். ஓட்டியவர் பேரும் வந்திருந்தால் அது அவர் அதிர்ஷ்டம்.

ஸ்டாக் கார் ரேஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடையில் வாங்குகிற சாதாரணக் காரை வைத்து ஆரம்பித்த பந்தயம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. தெற்கு மாநிலங்களின் மலைக்காடுகளில் காய்ச்சிய சரக்கை ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குள் கொண்டுவரப் போலீஸ் வண்டியைவிட வேகமாக ஓடும் கார் தேவைப்பட்டது. மதுவிலக்கு போன பிறகும் வரி கட்டாத சாராயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படி ஓட்டிப் பழகிய பையன்கள் பலர், 'நம்மில் யாருடா கெட்டிக்காரன்?' என்று செம்மண் மைதானங்களில் மோதிப் பார்த்தார்கள். 1948 பிப்ரவரியில் நாஸ்கார் என்ற அமைப்பு முறைப்படி பதிவானது. 1949 ஜூன் 19-ல் சார்லட் நகரில் அதன் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' பந்தயம். முதலில் வந்தவர் கிளென் டனவே. வண்டியைச் சோதித்தால், பின்பக்க ஸ்பிரிங்கில் சாராய லோடு தாங்குகிற மாதிரி வேலை பார்த்திருந்தது. வெற்றி ரத்து! பரிசு அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது.

இதையெல்லாம் அங்கே யாரும் மூடி மறைக்கவில்லை. படிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு புத்தகங்களைச் சிபாரிசு செய்வேன். நீல் தாம்சன் எழுதிய 'டிரைவிங் வித் தி டெவில்' 2006-ல் வந்தது. டேனியல் பியர்ஸ் எழுதிய 'ரியல் நாஸ்கார்' 2010-ல். தாம்சன் செய்த முக்கியமான காரியம், ரேமண்ட் பார்க்ஸ் என்ற பெரியவரைத் தேடிப்போய்ப் பேசியது. பார்க்ஸ் சாராயத் தொழிலுக்காகச் சிறை போனவர். 1949-ல் நாஸ்காரின் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' சாம்பியனான ரெட் பைரன் ஓட்டியது இவருடைய காரைத்தான். பார்க்ஸ் 2010-ல் தன் 96-வது வயதில் காலமானார். தாம்சன் நாலைந்து வருஷம் சோம்பல் பட்டிருந்தால், பாதிக் கதை அந்தக் கிழவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

இப்போது புதுக்கோட்டைக்கு வருவோம். நாஸ்கார் பதிவான அடுத்த மாதம், 1948 மார்ச்சில், இந்தியாவோடு இணைந்த சமஸ்தானம் அது. இன்றைக்கும் கோயில் திருவிழா என்றால் அறந்தாங்கி, திருமயம், ஆலங்குடி, மணமேல்குடி பக்கமெல்லாம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று தனித்தனிப் பிரிவுகள். நாடு கிலோமீட்டருக்கு மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், இங்கே 'போக வர எட்டு மைல், ஆறு மைல்' என்றுதான் பேச்சு. சாலையின் இரண்டு பக்கமும் ஜனம் நிற்கிறது. ஜெயித்த சாரதிக்குக் கொடிப் பரிசு.

இந்த ஊருக்கு எழுத ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. தொண்டைமான் ராஜ்ஜியத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் 1987-லேயே 'தி ஹாலோ கிரவுன்' எழுதிவிட்டார். ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்க்கைக் கல்யாணம் செய்துகொண்ட கதைக்கும் 1991-ல் ஒரு புத்தகம் வந்தது. அதன் தலைப்பில் 'ரேஸ்' என்ற சொல்கூட உண்டு. ஆனால், அது இனத்தைக் குறிக்கிற ரேஸ்! ராஜாவுக்கு நூல் இருக்கிறது. ராணிக்கு நூல் இருக்கிறது. ஜல்லிக்கட்டுக்காவது சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' வாய்த்தது. எல்கைப் பந்தயத்துக்கு அப்படி ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் விழிப்போம்.

'அதெல்லாம் ஆயிரமாயிரம் வருஷப் பாரம்பரியம் சார், எழுதி வேற வைக்கணுமா?' என்பார்கள். இந்தப் பேச்சுதான் எனக்கு எரிச்சல் தருகிறது. மேடையில் மீசை முறுக்கினால் வரலாறு ஆகிவிடாது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தபோது நாம் என்ன ஆதாரத்தை எடுத்து நீட்டினோம்? பின்னால் 2017-ல் சட்டத்திருத்தம் வந்து, 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. அந்தத் தீர்ப்பிலேயே, ஜல்லிக்கட்டு சில நூற்றாண்டுகளாகவாவது நடந்துவருகிறது என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகள், அது தமிழ்ப் பண்பாட்டின் பிரிக்க முடியாத அங்கமா என்று ஆராய்வது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் யாருடைய வேலை? நம் வேலைதான்.

எழுதுவது என்றால் புகழ்மாலை கட்டுவது அல்ல. வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர் 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் ஜெயித்தார். கோப்பையை வெள்ளைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். பிறகு தப்பை ஒத்துக்கொண்டாலும், நாஸ்கார் அவர் குடும்பத்திடம் கோப்பையைக் கொடுத்தது 2021-ல். ஸ்காட் 1990-லேயே இறந்துவிட்டார். இந்த அசிங்கமும் அவர்கள் வரலாற்றில் இருக்கிறது. நம் புத்தகத்திலும் எல்லாம் இருக்க வேண்டும். எந்தச் சாதிக்காரர் மாடு வைத்திருந்தார், எந்தச் சாதிக்காரர் ஓட்டினார்? பரிசுப் பணம் யார் கைக்குப் போனது? சாட்டையும் தார்க்குச்சியும் மாட்டை என்ன செய்தன? வண்டி கவிழ்ந்து கால் போனவர் வீட்டில் அப்புறம் எப்படி அடுப்பெரிந்தது? இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் அது திருவிழா நோட்டீஸ்.

ஆதாரம் இல்லை என்று கையை விரிக்காதீர்கள். போலீஸுக்குப் பயந்து சாராயம் கடத்தினவனா டைரி எழுதி வைத்தான்? அவனைப் பற்றியே எழுத முடிந்திருக்கிறது. நம்மிடம் பழைய பந்தய நோட்டீஸ் இருக்கிறது, விழாக் கமிட்டியின் வரவு செலவு நோட்டு இருக்கிறது, பழைய செய்தித்தாள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபது, எண்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பழைய சாரதிகள் இருக்கிறார்கள். பேச ஆரம்பித்தால், 'அந்த வருஷம் எல்கையில திரும்புறப்ப என்ன நடந்துச்சு தெரியுமா?' என்று நிறுத்தாமல் சொல்வார்கள்.

புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். பழைய ஆய்வேட்டையே திருப்பி எழுதச் சொல்வதை விட்டு, ஆளுக்கு ஒரு கிராமம், ஆளுக்கு ஒரு சாரதி என்று பேராசிரியர்கள் அனுப்பிவைக்கட்டும். செலவு பஸ் டிக்கெட்தான். அடுத்த திருவிழாவுக்குள் போனால் இன்னும் சிலரையாவது திண்ணையில் பார்க்கலாம்.