கிராம்புக்குக் குரல் கொடுப்பார் யார்?

குற்றாலம் என்றதும் அருவியைப் பற்றிப் பேசுவார்கள், சாரலைப் பற்றிப் பாடுவார்கள். மலைமீது மரமேறி, மொட்டு மலருமுன் கிராம்பு பறிக்கும் தொழிலாளியைப் பற்றிப் பேசுவார் உண்டோ? 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்பைக் கொணர்ந்து நட்டது இந்தக் குற்றாலத்தில்தான். கம்பெனி போயிற்று, கிராம்பு நிலைத்தது.

1998 டிசம்பர் 28-இல் இலங்கையோடு டில்லி தடையற்ற வாணிப ஒப்பந்தம் செய்தது. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. சுங்கவரிச் சலுகையோடு மிளகு வந்தது, கிராம்பும் வந்தது. கேரள மிளகு விவசாயி கொதித்தெழுந்தான். பிறகு மிளகுக்கு வரம்பு கட்டினார்கள்: வரியின்றி ஆண்டுக்கு 2,500 டன்தான். கிராம்புக்கு? வரம்பே இல்லை!

காரத்தில் குறைந்ததா கிராம்பு? இல்லை தோழர்களே, ஓட்டில் குறைந்தது! மிளகுக்குப் பின்னால் ஒரு மாநிலமே நின்றது. கிராம்புக்குப் பின்னால் நின்றவர்கள் சில மலைத்தோட்டக்காரர்களும், அவர்களிடம் கூலிக்கு மரமேறும் ஏழைகளும்.

2009 ஆகஸ்ட் 13-இல் ஆசியான் ஒப்பந்தம் பாங்காக்கில் கையெழுத்தானபோதும் இதே கதைதான். ரப்பர் விலக்குப் பட்டியலில் ஏறியது. மிளகு வரி படிப்படியாகக் குறைந்தும் 50 சதவிகிதத்தில் நிற்கும் என்று ஏற்பாடாயிற்று. அதுவும் போதாதென்று அக்டோபர் 2-இல் கேரள இடதுசாரிகள் மனிதச் சங்கிலி கோத்தனர். புளியரையைத் தாண்டினால் கேரளம்! அங்கே எழுந்த குரல் டில்லிக்குக் கேட்டது. இப்புறம் குரலே எழவில்லை, கேட்பானேன்?

கண்டி மலையில் கிராம்பு பறிப்பவனும் உழைப்பாளிதான். அவன்மீது நமக்குப் பகையில்லை. நம் வழக்கு டில்லியோடு.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியலில் 14-ஆம் இனம் விவசாயம். மத்தியப் பட்டியலிலும் 14-ஆம் இனம் உண்டு, அது அயல்நாட்டு ஒப்பந்தம். எண் ஒன்று, எஜமானர் வேறு! பயிரிடுபவன் இங்கே, பேரம் பேசுபவர் அங்கே. ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வைத்தாக வேண்டும் என்ற கட்டாயங்கூட இல்லை. அமெரிக்கத் தூதர்களோ, "எங்கள் காங்கிரஸ் ஒப்பாதே" என்று கையை விரித்தே சலுகை கறப்பவர்கள். வீட்டில் எதிர்ப்பு இருந்தால் பேரத்தில் அது பலம். 2019 நவம்பரில் பதினைந்து நாட்டு ஒப்பந்தத்திலிருந்து டில்லி விலகியதற்குப் பால் மாட்டுக்காரரின் எதிர்ப்பும் ஒரு காரணமல்லவா?

இலங்கை ஒப்பந்தத்தை விரிவாக்கும் பேச்சு 2023-இல் மீண்டும் தொடங்கியது. தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களை நாம் கேட்கிறோம்: மிளகுக்கு 2,500 டன் என்றால், கிராம்புக்கு எத்தனை டன்? தென்காசித் தோழர்கள் இதை மனுவாக எழுதட்டும். மரமேறும் தொழிலாளியின் கையெழுத்து அதில் முதலில் விழட்டும்.