நாலு வட்டி யாருக்கு?

எங்க சனம் சீக்காளியாகக் கிடந்தால் 'தலையெழுத்து' என்கிறார்கள். அதை எழுதுகிற பேனா எதுவென்று வங்கிக் கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும்.

வாழப்பாடிச் சுற்றில் பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் அவர்களுக்கு. பாக்கு உரிக்கிற விரலும் கிழங்கு பிடுங்குகிற முதுகும் எங்களுக்கு. பட்டாக்காரருக்கு 3 லட்சம் வரை பயிர்க்கடன். கெடுவுக்குள் கட்டினால் 4 சதம் வட்டி. கொடுக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது?

பரம ஏழைக்கும் 1972லேயே 4 சத வட்டிக் கடன் திட்டம் போட்டார்கள். வங்கிக் கடனில் நூற்றில் ஒரு பங்கு; அதிலே 40 சதம் தலித்துக்கும் பழங்குடிக்கும். ஏட்டில் இருக்கு. 2007ல் திருத்தினார்கள்: கடன் 15,000. கிராமத்துக் குடும்பத்தின் வருச வருமானம் 18,000க்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்க: மொத்தக் குடும்பத்துக்கும் நாளைக்கு 50 ரூபாய்கூட இல்லை!

2024-25ல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் வைத்த கூலி 319. நூறு நாளும் மண் சுமந்தால் 31,900. அரசாங்கக் கூலி வாங்கியவள் அந்த வரம்புப்படி ஏழையே இல்லை!

பிள்ளைக்குக் காய்ச்சல்னா அவ எங்கே போவா? நூத்துக்குப் பத்து வாங்குற மாசவட்டிக்காரன் வாசலுக்குத்தான். வருசத்துக்கு 120 சதம். மருந்து வாங்கிய கடனுக்கு அடுத்த மாசச் சோறு போகும்.

பிச்சை கேட்கல. அந்த ஒரு பங்கு யாருக்குப் போச்சுன்னு கிளைக்குக் கிளை பலகையில் எழுதிப் போடு. வருமான வரம்பைக் கூலியோடு சேர்த்து உயர்த்து. எங்க பெண்டுகள் பேரில் நிலம் கொடு.

தலையெழுத்தை அப்புறம் பேசலாம்.